மதுரை மாநகரின் பழம்படங்கள்: ஓர் ஒப்பீட்டாய்வு

முன்னுரை

பழம்பெருமை வாய்ந்த நகரங்களின் பழைய நிழற்படங்களைத் தேடியெடுத்து, அதே இடங்களின் இன்றைய படங்களை அவற்றின் அருகே வைத்து, 'அன்றும் இன்றும்' எனத் தலைப்பிட்டு வெளியிடும் வழக்கம் இந்நாளில் பெருகியுள்ளது. இவ்விணைப் படங்களைக் காண்போர் பெரும்பாலும் இருவகை முடிவுக்கே வருகின்றனர். பழமை அனைத்தும் அழிந்ததென இரங்குவோர் ஒரு சாரார். பாழ்பட்டுக் கிடந்தவை சீர்பெற்றன என மகிழ்வோர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒன்றனை மட்டும் ஆராயாமலே ஒப்புக்கொள்கின்றனர். பழைய படம் உண்மையை உள்ளவாறே காட்டுகின்றது என்பதே அது. இக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதனை மதுரை மாநகரின் பழம்படங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஏட்டுச்சுவடி கிடைத்த அளவிலே அதனை மூலநூல் எனக் கொள்ளும் பதிப்பாசிரியர் இலர். அச்சுவடியை எழுதினார் யார், எதற்காக எழுதினார், எவ்விடங்களில் பிழைத்தார், எவற்றை விடுத்தார் என்று நோக்கி, வேறு சுவடிகளோடு ஒப்பிட்ட பின்னரே பாடத்தைத் துணிவர். நிழற்படத்திற்கும் இம்முறையே வேண்டும் என்பது எம் கருத்து.

படத்தொகுதியின் தோற்றம்

மதுரையைப் பற்றிய பழம்படங்களுள் தலையாயவை லின்னேயஸ் டிரைப் என்பார் எடுத்தவை. சென்னைப் படையில் பணியாற்றிய அவர், சென்னை அரசினரின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்று அங்குள்ள பழங்கட்டடங்களைப் படம்பிடித்தார். மதுரைப் படங்கள் 1858-ஆம் ஆண்டில் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. கட்டடங்களை ஆவணப்படுத்துதலே அரசினர் இட்ட பணி. நகர வாழ்க்கையைப் பதிவு செய்தல் அப்பணியில் அடங்கியதன்று. அடுத்து ஆளுநராக வந்த டிரெவலியன் இம்முயற்சியை வீண்செலவெனக் கருதி நிறுத்திவிட்டமையால், அது தொடர்ந்து நடைபெறவில்லை. எனவே இத்தொகுதி ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட நோக்கத்தோடு, ஒருவரால் எழுதப்பட்ட சுவடியைப் போன்றது என்பதை முதற்கண் மனங்கொள்ளுதல் வேண்டும்.

ஆளில்லா நகரம்

இப்படங்களைக் காண்பார்க்கு முதலில் தோன்றுவது அவற்றின் அமைதியே. கோயிலும் மண்டபமும் மாளிகையும் ஆளரவம் இன்றி நிற்கின்றன. இன்றைய மாசி வீதிகளின் நெரிசலில் நடந்தவர் இதனைக் கண்டு, 'அன்று மதுரை எவ்வளவு அமைதியாக இருந்தது' என வியத்தல் இயல்பு. ஆனால் இவ்வமைதி நகரின் இயல்பன்று, படக்கருவியின் இயல்பு. டிரைப் பயன்படுத்தியது மெழுகு தோய்த்த தாள். அத்தாளில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி படவேண்டும். அந்நேரம் முழுவதும் அசையாது நின்றவையே பதியும். நடந்து சென்றவர் உருவம் பதியாது மறையும். கிளைகள் காற்றில் அசைந்தால் இலைகளும் தெளிவின்றிக் கலங்கும்.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியை இங்கு நினைத்தல் தகும். நாளங்காடியையும் அல்லங்காடியையும், அவற்றில் திரிவோரையும் விற்போரையும், பகலும் இரவும் மாறும் ஒலிகளையும் அப்பாட்டு விரித்துரைக்கின்றது. ஆயின் ஒரு கட்டடத்தின் தூண்வரிசையை அதனைக் கொண்டு நாம் வரைந்துவிட இயலாது. டிரைப்பின் படமோ தூண்வரிசையைத் தெளிவுறக் காட்டி, மக்களை மறைத்துவிடுகின்றது. புலவர் பாட்டில் கட்டட அளவில்லை என்பதால் அக்காலத்தே கட்டடமே இல்லை என யாரும் கூறார். படத்தில் மக்கள் இல்லை என்பதால் வீதியே வெறிச்சோடி இருந்தது என்பதும் அத்தகைய பிழையே.

வானும் வண்ணமும்

டிரைப்பின் படங்கள் சிலவற்றில் அழகிய முகிற்கூட்டங்கள் காணப்படுகின்றன. அவை மதுரை வானில் அன்று தோன்றியவை அல்ல. அக்காலத் தாள்கள் நீலநிறத்தை மிகுதியாக ஏற்பன. ஆதலின் வானம் வெளிறியோ திட்டுத்திட்டாகவோ பதியும். இக்குறையை நீக்க, எதிர்மறைத் தாளின்மேல் தம் கையாலே வண்ணம் தீட்டி முகில்களை அமைத்தார் டிரைப். ஏடெழுதுவோர் சிதைந்த அடியைத் தம் சொல்லால் நிரப்பியது போன்ற செயல் இது. அழகுற நிரப்பினாலும் அஃது இடைச்செருகலே.

வண்ணத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். அக்காலத் தாளில் சிவப்பும் மஞ்சளும் கருமையாகப் பதியும். சுதை பெயர்ந்து செங்கல் வெளிப்பட்ட சுவர், கண்ணுக்குத் தோன்றியதைவிட மிகுதியாகக் கறுத்துப் படத்தில் தோன்றக்கூடும். சிதைவின் அளவைப் படத்தின் கருமையைக்கொண்டு மதிப்பிடுவோர் இதனை மறத்தல் ஆகாது.

பழமையிலும் ஒரு பழமை

'அன்று' என்று நாம் சுட்டும் 1858-ஆம் ஆண்டு மதுரை, தொன்மை கலையாத மதுரை அன்று. நகரைச் சூழ்ந்திருந்த நாயக்கர் காலக் கோட்டைமதில் அதற்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்டது. மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில், 1840-ஆம் ஆண்டை ஒட்டி, மதில் தகர்க்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அதனால் தோன்றிய வீதிகளே வெளி வீதிகள். அப்பணியோடு தொடர்புடையோர் பெயரை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் தாங்கி நிற்கின்றன. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே எஞ்சிய கோட்டைவாயிற் பகுதி ஒன்றே மதிலுக்குக் கல்லாலான சான்று.

பிளாக்பர்னுக்கு நன்றி பாராட்டி நிறுவப்பட்ட விளக்குத்தூணையும் டிரைப் தம் தொகுதியில் சேர்த்துள்ளார். மதில் இடிந்த மாற்றத்தின் நினைவுச்சின்னமே பழமையின் சான்றாகப் படத்தில் இடம்பெற்றுவிட்டது. இன்று அப்பகுதி முழுவதற்கும் விளக்குத்தூண் என்பதே பெயர். அவ்வழியே செல்வோருள் ஆட்சியரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. தூணின் பெயரை அறியாதார் இலர். எனவே முதற்படம் முதல்நிலையைக் காட்டும் என்பது பொருந்தாது. முதலில் கிடைத்த சுவடி முதலில் எழுதிய சுவடி ஆகாதவாறு போல என்க.

திருமலை நாயக்கர் மாளிகை

திருமலை நாயக்கர் (1623–1659) 1636-ஆம் ஆண்டில் எழுப்பிய மாளிகை இவ்வாய்வுக்கு மிகவும் ஏற்றது. 1858-ஆம் ஆண்டுப் படங்களில் அது சிதைந்த நிலையில் காணப்படுகின்றது. இன்றோ சொர்க்க விலாசத்தின் வளைவுகளும் தூண்களும் பொலிவுற்று விளங்குகின்றன. இரண்டையும் அருகருகே வைத்தால் 'அழிவிலிருந்து மீட்சி' என்னும் ஒரே செய்திதான் கிடைக்கும்.

வரலாறு அத்துணை எளிதன்று. நாயக்கரின் பேரரான சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது மாளிகையின் பகுதிகளைப் பெயர்த்துச் சென்றார் என்பர். எஞ்சியவற்றுள் பத்துத்தூண் என வழங்கும் தூண்வரிசை, இன்று மாளிகையினின்றும் பிரிந்து கடைகளின் நடுவே நிற்கின்றது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில் மாளிகையின் எஞ்சிய பகுதி பழுதுபார்க்கப்பட்டது. நீதிமன்றமும் நெடுங்காலம் அதனுள்ளே நடைபெற்றது. ஆகவே இன்று நாம் காண்பது 17-ஆம் நூற்றாண்டு மாளிகையும் 19-ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பும் கலந்த ஒன்று. எது நாயக்கர் காலத்துச் சுதை, எது நேப்பியர் காலத்துச் சுதை என வரையறுக்க முற்படுவார்க்குச் சீரமைப்புக்கு முற்பட்ட டிரைப்பின் படங்கள் இன்றியமையாதவை. அவற்றின் உண்மைப் பயன் இதுவே. இரங்குதலோ மகிழ்தலோ அன்று. இங்கும் ஒரு சுவடியே போதும் என அமைதல் கூடாது. 1867–68-ஆம் ஆண்டுகளில் லயன் என்பார் தென்னகக் கோயில்களையும் கட்டடங்களையும் படம்பிடித்தார். மதுரையும் அவற்றுள் ஒன்று. பத்தாண்டு இடைவெளியில் அமைந்த இவ்விரு தொகுதிகளையும் ஒப்பிடுதல், பாட ஒப்பீடு போன்றே பயன்தரும்.

புதுமண்டபமும் பெரிய எழுத்து நூல்களும்

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே திருமலை நாயக்கர் அமைத்த புதுமண்டபத்தின் தூண்களையும் டிரைப் படம்பிடித்துள்ளார். மண்டபம் பின்னர்க் கடைகளால் நிறைந்தது. தையற்காரரும் வளையல் விற்போரும் பாத்திரம் விற்போரும் சிற்பத் தூண்களின் இடையே அமர்ந்து வாணிகம் செய்தனர். சிற்பங்கள் துணிக்கும் புகைக்கும் இடையே மறைந்தன என்னும் முறையீடு பொய்யன்று. அண்மைக் காலத்தில் கடைகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டமையால் மண்டபம் பழம்படத்தை மீண்டும் ஒத்துவருகின்றது.

ஆயினும் தமிழாய்வாளர் இங்குச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். அக்கடைகளுள் புத்தகக் கடைகளும் இருந்தன. பெரிய எழுத்துக் கதைப்பாடல்கள், அம்மானைகள், சோதிட நூல்கள், நாடகப் பாட்டுகள் முதலியவை நாட்டுப்புறத்து மக்களின் கைக்குச் சென்ற வழிகளுள் புதுமண்டபம் ஒன்று. பொதுமக்கள் இலக்கியத்தின் வரலாற்றில் அதற்குரிய இடம் சிறிதன்று. பழம்படத்தையே அளவுகோலாகக் கொண்டால் இவ்வரலாறு தூய்மை செய்து நீக்கத்தக்க அழுக்காகவே தோன்றும். சிற்பத்தைக் காத்தல் கடமை. அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் இடம்பெயர்ந்த புத்தகக் கடைகளையும், கடைகள் இருந்த காலத்துப் படங்களையும் ஆவணப்படுத்தாது விட்டமை குறையே. நடுக்காலத்துச் சுவடியை எரித்துவிட்டு முதற்சுவடியை மட்டும் போற்றுதல் போன்றது அது.

பெயரும் பருவமும்

படம் கூறாததைச் சில வேளைகளில் பெயர் கூறும். கோயிலின் வடக்குக் கோபுரம் 1858-இல் முற்றுப்பெறவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்தார் பணியால் நிறைவுற்றது. இன்று அது மற்றைக் கோபுரங்களோடு ஒத்து நிற்பினும், மொட்டைக் கோபுரம் என்னும் பெயரே மக்கள் வழக்கில் நிலைத்துள்ளது. ஊர்வழக்கும் ஒரு பழம்படமே எனல் பொருந்தும்.

வண்டியூர்த் தெப்பக்குளம் மற்றொரு பாடத்தைத் தருகின்றது. நெடுங்காலம் நீரின்றிச் சிறுவர் விளையாடும் திடலாகக் கிடந்த அக்குளம், அண்மை ஆண்டுகளில் வைகை நீரால் நிரப்பப்பட்டது. வறண்ட ஆண்டில் எடுத்த படத்தையும் நிறைந்த ஆண்டில் எடுத்த படத்தையும் கொண்டு இருவேறு முடிவுகளைக் கூறிவிடலாம். படம் எடுத்த ஆண்டும் மாதமும் அறியாது செய்யும் ஒப்பீடு பயனற்றது.

முடிவுரை

இவ்வாராய்ச்சி வெறும் நுட்பவாதம் அன்று. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு கோயிலின் கிழக்குப் பகுதியில் கடைகள் இருந்த இடத்தில் எழுந்த தீயால் வீரவசந்தராயர் மண்டபம் பெரிதும் சிதைந்தது. வெப்பத்தால் வெடித்த கற்றூணை மீண்டும் அமைக்கும்போது எதனைப் பார்த்து அமைப்பது என்னும் வினா எழும். அவ்வேளையில் ஒரு படம் எக்காலத்தது, கருவி மறைத்தது எது, கலைஞர் சேர்த்தது எது எனப் பகுத்தறிதல் கல்தச்சருக்கும் வேண்டிய அறிவாகின்றது. படத்தைத் தவறாகப் படித்தால் பிழை கல்லிலேயே ஏறிவிடும்.

டிரைப் அதே 1858-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அக்கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சேறத் தொடங்கியது 1891-ஆம் ஆண்டில். அப்படத்தைக் கல்வெட்டறிஞர் எழுத்தெழுத்தாகப் படிப்பரேயன்றி, அதனைக் கண்டு இரங்கியோ வியந்தோ அமையார். மதுரைப் படங்களையும் அவ்வாறே படித்தல் வேண்டும். அதற்குரிய பயிற்சி சுவடிகளோடு பழகிய தமிழ்த் துறையினர்க்கு முன்னரே உண்டு. நூலகங்களில் உள்ள மதுரைப் படங்களை ஆண்டு, திங்கள், எடுத்தவர், எடுத்த நோக்கம் என்னும் குறிப்புகளோடு அட்டவணைப்படுத்தி, வீதிப்பெயர்களோடும் ஊர்வழக்குகளோடும் இணைத்துப் பார்க்கும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்வாராயின், அது நகர வரலாற்றுக்கும் இலக்கிய வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும்.