பழகிவிட்டதா, பயந்து கிடக்கிறதா?

குட்டிப் பாம்பைக் கைக்குப் பழக்குவது பற்றி அமெரிக்க வளர்ப்பாளர்கள் போடும் யூடியூப் வீடியோக்களைச் சில வாரங்களாக வரிசையாகப் பார்த்தேன். பல வீடியோக்களில் கதை ஒன்றுதான். பென்சில் தடிமன்கூட இல்லாத கார்ன் ஸ்நேக் குட்டி வாலை அதிரவைத்துக்கொண்டு கையைக் கொத்துகிறது. அவர் விடாமல் பிடித்திருக்கிறார். கடைசியில் குட்டி அசையாமல் கிடக்கிறது. "பாருங்க, பழகிடுச்சு!" அந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை.

அசையாமல் கிடந்தால் பழகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? பால் பைத்தான் பயந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். அதன் ஆங்கிலப் பெயரே அதனால் வந்ததுதான். தெரியாதவர் கண்ணுக்குச் சமர்த்தாகத் தூங்குகிற மாதிரி இருக்கும். பாம்புக்கு இமையும் இல்லை, முகபாவமும் இல்லை. மகுடிக்கு நாகம் 'ஆடுது' என்று நாம் ரசித்தோமே, அதுவும் இதே தப்புதான். அது ஆடவில்லை, எதிரே அசையும் மகுடியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் படமெடுத்து நின்றது.

2000-இல் நோபல் பரிசு பெற்ற எரிக் காண்டெல், ஏப்ளிசியா என்ற கடல் முயலை வைத்துச் செய்த சோதனைகள் இங்கே உதவும். லேசாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது செவுளை உள்ளிழுப்பது குறைந்துகொண்டே போனது. வாலில் மின்அதிர்ச்சி கொடுத்த பிறகோ, லேசான தொடுதலுக்கே பலமாக உள்ளிழுத்தது. பாம்பு கடல் முயல் இல்லைதான். ஆனால் தூண்டலின் அளவு முக்கியம் என்பது அதற்கும் பொருந்தும்.

வீடியோக்காரர்கள் சொல்லும் ஒரு நியாயம் உண்டு: கொத்தியதும் கூண்டில் விட்டால், 'கொத்தினா விட்டுடுவாங்க' என்று அது கற்றுக்கொள்ளுமாம். சரிதான். அப்படியென்றால் கொத்தும் நிலை வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டியதுதானே?

நல்ல வளர்ப்பாளர்கள் செய்வது இதைத்தான். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தொடுவதில்லை. ஒழுங்காக இரையெடுக்க ஆரம்பித்த பிறகே கை வைக்கிறார்கள். இரையெடுத்து 48 மணி நேரம் தூக்குவதில்லை, தூக்கினால் கக்கிவிடலாம். சட்டை உரிக்கும் முன் கண் பால்போல மங்கும்போதும் விட்டுவிடுகிறார்கள். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து மாதிரி. அதனால் பக்கவாட்டில் போய், உடம்பை அடியிலிருந்து தாங்கி எடுக்கிறார்கள். முதலில் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். இதில் வீடியோ போட ஒன்றுமே இல்லை என்பதுதான் பிரச்சினை.

பழகியதற்கு அடையாளம் வேண்டுமா? நாக்கை நீட்டி நீட்டி, நிதானமாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஊர்ந்து போகும். தூக்க ஆரம்பித்த பிறகும் அடுத்த இரையை மறுக்காமல் எடுக்கும். அப்போதும் அது நம்மை நேசிக்கிறது என்று அர்த்தமில்லை. இந்தக் கையால் ஆபத்து இல்லை என்று தெரிந்துகொண்டிருக்கிறது. ஒரு பாம்பிடமிருந்து அதுவே பெரிய விஷயம் இல்லையா?