‘பற்று’ என்னும் சொல்

ஈழத்துக் கீழ்க்கரையின் ஆட்சிப்பிரிவுகளை நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது ‘பற்று’ என்னும் ஈறாகும். கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று, அக்கரைப்பற்று என்பன காண்க. மண்மீது மக்கள் கொண்ட அன்பே இப்பெயராயிற்று என்பர் சிலர். பத்து ஊர் சேர்ந்தமையின் ‘பத்து’ எனப்பட்டுப் பின் திரிந்தது என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றும் ஆராய்ச்சிக்கு நில்லா.

பற்றுதல் என்பதன் அடிப்பொருள் பிடித்தல். உள்ளம் ஒன்றைப் பிடித்தல் அன்பும் அவாவும் ஆயிற்று. திருக்குறளின் ‘துறவு’ அதிகாரம் விடச்சொல்லும் பற்று இதுவே. பொருளைக் கையிற் பெறுதல் பற்றுவரவு, பற்றுச்சீட்டு என்பவற்றில் நின்றது. நிலத்தைக் கைக்கொண்டு ஆளுதல் நிலப்பிரிவின் பெயராயிற்று. எனவே, நாட்டுப்பற்றிலிருந்து நிலப்பற்றுப் பிறந்ததன்று; இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ‘பத்து’ என்பார் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டனர். ஊர்த்தொகை பத்தாதலைக் காட்டினாரல்லர்.

இச்சொல் தமிழர் வாழும் பகுதிக்கு மட்டும் உரியதன்று. அம்பாந்தோட்டை மாவட்டத்திலே கிருவாப்பற்று, மாகம்பற்று என்பன உள. சிங்களப் பகுதிகளிற் கோறளை பெரும்பிரிவு. பற்று அதன் உட்பிரிவு. மட்டக்களப்பிலோ கோறளை என்பதே இடப்பெயராகிப் பற்று என்னும் ஈற்றையும் ஏற்றது. ஆட்சிச்சொற்கள் மொழியெல்லை கடந்து செல்வன என்பதற்கு இஃதொரு சான்று. ஆகவே, ஓரிடத்துப் பெயரீற்றை மட்டுங் கொண்டு அந்நிலம் எம்மினத்தாரது என்று வழக்காடுதல் எத்திறத்தார்க்கும் தகாது.

மற்றொரு வழுவும் சுட்டத்தக்கது. அக்கரைப்பற்று இன்று ஒரு நகரின் பெயர். 1961 ஆம் ஆண்டிலே மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தில் அந்நகர் உளது. பழைய ஆவணங்களிலோ அது பல ஊர்களைத் தன்னகத்தே கொண்ட ஒரு பிரிவின் பெயர். நகரெனக் கருதி அவ்வாவணங்களைப் படிப்பவர் குடித்தொகையையும் வயற்பரப்பையும் பிழைபடக் கொள்வர். ஏறாவூர்ப்பற்றின் செயலகம் செங்கலடியிலும், போரதீவுப்பற்றின் செயலகம் வெல்லாவெளியிலும் இருத்தலால், மக்கள் அவ்வூர்ப்பெயராலேயே அவற்றைக் குறிப்பர். இவ்வாறு பிரிவின் பெயர் ஏட்டளவிற் சுருங்குகின்றது.

ஊர்ப்பெயர் ஆராயப் புகும் மாணவர், ஒரு பெயரைக் கண்டவுடன் அஃது எக்காலத்தது, எவ்வளவு நிலத்தைக் குறித்தது என்னும் இரண்டையும் முதலில் வினவுதல் வேண்டும். சொல்லின்மீது பற்று வேண்டும்; அப்பற்று உண்மையை மறைத்தல் ஆகாது.