மண் சுமந்தவர்கள்

மதுராந்தகம் ஏரிக்கரையை ராமர் காத்தார் என்பது ஐதீகம். அதைக் கண்ணால் கண்டவர் என்று கதை சொல்வது 1790களின் கலெக்டர் லயனல் பிளேஸை. தெய்வத்துக்குப் பெயர் உண்டு, துரைக்கும் உண்டு. கரைக்கு மண் சுமந்தவனுக்கு இல்லை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் சிற்பிகள் சிலரின் பெயர்களாவது பாறையில் இருக்கின்றன. மண்ணில் யாரும் பெயர் வெட்டிவைக்க முடியாது.

இந்த வெற்றிடம் எனக்கு உறைத்தது வால்டர் ராட்னியின் கடைசி நூலைப் படித்தபோது. 1881-1905 காலத்துக் கயானாத் தொழிலாளரின் சரித்திரம் அது. கடல் பெருகினால் மூழ்கிவிடும் கரையோரத்தைக் கரும்புத் தோட்டமாக்க அடிமைகள் மண்வெட்டியால் வாரிய சேறு 10 கோடி டன் என்ற கணக்கு நூலின் தொடக்கத்திலேயே வருகிறது. அணையும் வாய்க்காலும் அவருக்கு ஆவணங்கள்.

ராட்னியின் வாழ்க்கையைத் தியாகக் கதையாகச் சுருக்கிவிடுவது சுலபம். 1966ல் லண்டனில் டாக்டர் பட்டம்; பிறகு தார் எஸ் ஸலாமில் ஆசிரியப் பணி. கிங்ஸ்டன் சேரிகளில் ராஸ்டஃபாரிகளோடு உட்கார்ந்து பேசியவரை 1968ல் ஜமைக்கா அரசு நாட்டுக்குள் விட மறுத்தது. 1974ல் சொந்த நாட்டுப் பல்கலைக் கழக வேலையும் தடுக்கப்பட்டது. 1980 ஜூன் 13ல் வெடிகுண்டுக்குப் பலியானார், வயது 38. நூல் வெளிவந்தது 1981ல். இத்தனைக்கும் நடுவே ஆவணங்களை அவர் கைவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கறுப்பர் என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கரோடு இந்தியரையும் சேர்த்தவர் அவர். விடுதலை பெற்ற கறுப்பரின் கூலிபேரத்தை உடைக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகள். சென்னையில் கப்பலேறியவர்களும் அதில் உண்டு. இரு சாராரையும் விரோதிகளாக்காமல் ஒரே சரித்திரத்தில் எழுதியது சாதாரணக் காரியமல்ல. ஆனால் அந்தக் கூலி கப்பலேறும் முன் யாராக இருந்தான்? சாதி அவர் நூலின் மையக் கேள்வி அல்ல.

விடை இங்கே கிடக்கிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அரசுக்குக் குறிப்பு எழுதியது 1891ல். மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கியது 1893ல். இரண்டும் ராட்னி எடுத்துக்கொண்ட ஆண்டுகளுக்குள்ளேயே. அவர் நூலின் முன்பாதி இங்கே எழுதப்பட வேண்டியது.

கறுப்புக் கவிதையை மொழிபெயர்ப்பதில் நமக்கு உற்சாகம் குறைவதில்லை. கறுப்பரின் கோபம் தூரத்தில் இருப்பதால் அழகாக இருக்கிறது. ராட்னியைப் படித்தால் நம்மில் பலர் ஏரிக்கரையைத் தாண்டிச் சேரிக்குள் போய் உட்கார வேண்டியிருக்கும். அதற்குத் தயாரில்லை என்றால் அவர் பெயரையும் உச்சரிக்காமலிருப்பது நல்லது.