சுவரில் மாட்டிய காப்புரிமை

சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லியை ஒட்டிய காட்டுப்பாக்கம் மாதிரியான இடங்களில், வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேனின் லேபிளில் ‘ஓசோன்’ என்ற சொல் தவறாமல் இருக்கும். அம்பத்தூர் பக்கம் கணினி முன்னால் எட்டு மணி நேரம் உட்காருகிறவரின் மேசையில், ‘மணிக்கட்டு வலிக்காது’ என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு மவுஸ் கிடக்கும். இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தனியாகப் புதுமை செய்கிறவர்களுக்கு இரண்டுமே பிடித்த பொருள்கள் என்பதுதான் தொடர்பு. ஒரே ஆள் இரண்டு துறைகளிலும் காப்புரிமை வாங்குவதுகூட வினோதம் இல்லை. ஓசோன் கருவிக்கு உயர் மின்னழுத்த மின்மாற்றியும் ஒரு கண்ணாடிக் குழாயும் மின்முனைகளும் போதும். மவுஸுக்கு, கடையில் கிடைக்கும் உணரிச் சில்லும் நாமே வார்த்த பிளாஸ்டிக் உறையும் போதும். இரண்டையும் சின்னப் பட்டறையிலேயே செய்து பார்த்துவிடலாம். இன்னொரு பொது அம்சமும் உண்டு, என் அக்கறை அதில்தான். இரண்டுமே உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கப்படுகின்றன. அந்த நன்மையை வாங்குகிறவரால் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் சுவரில் மாட்டிய காப்புரிமைச் சான்றிதழைப் பார்த்து நம்பிவிடுகிறார்.

அந்தச் சான்றிதழ் எதை உறுதி செய்கிறது? உலகில் முன்பு இல்லாதது, துறை தெரிந்தவருக்குச் சட்டெனத் தோன்றியிருக்காதது, தொழிலில் செய்யக்கூடியது என்ற மூன்றை மட்டும். அதையும்கூட அரைமனதோடுதான் உறுதி செய்கிறது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 13(4) பிரிவைப் பலரும் படிப்பதில்லை. காப்புரிமை அலுவலகம் செய்யும் பரிசோதனை அந்தக் காப்புரிமை செல்லும் என்பதற்கு எந்த வகையிலும் உத்தரவாதம் ஆகாது என்று அது சொல்கிறது. வழங்கும் அலுவலகமே பொறுப்பேற்காத ஒன்றை விளம்பரத் தாள் ‘அரசு அங்கீகாரம்’ ஆக்கிவிடுகிறது.

ஓசோனில் இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்று பார்க்கலாம். 1840இல் ஷோன்பைன் அந்த வாயுவுக்குப் பெயர் வைத்தார். 1857இல் வெர்னர் சீமன்ஸ் கண்ணாடிக் குழாய்களுக்கு இடையே மின்னிறக்கம் செய்து அதை உண்டாக்கிக் காட்டினார். 1896இல் நிக்கோலா டெஸ்லா ஓசோன் தயாரிக்கும் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார், பிறகு அதை விற்கத் தனி நிறுவனமும் தொடங்கினார். ஆக அடிப்படை முறைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. இன்று புதிதாகக் கேட்கப்படும் காப்புரிமைகள் மின்முனையின் வடிவம், இடைவெளி, காப்புப் பொருள், குளிர்விக்கும் விதம், மின்துடிப்பின் அதிர்வெண் போன்றவற்றைப் பற்றியே இருக்க முடியும். இவை சின்ன விஷயங்கள் என்று தள்ளவும் முடியாது. காற்றில் ஈரம் இருந்தால் ஓசோன் விளைச்சல் குறையும். காற்றின் நைட்ரஜனும் அந்த ஈரமும் சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி மின்முனையை அரிக்கும். அதனால் பெரிய ஆலைகளில் காற்றை நன்றாக உலர்த்தியோ, நேரடியாக ஆக்சிஜனையோதான் கருவிக்குள் விடுவார்கள். சென்னையின் வியர்வைக் காற்றில், உலர்த்தி இல்லாமல், மலிவாக, பல வருடம் ஓடும் ஓசோன் குழாயை ஒருவர் உருவாக்கினால் அது மெய்யான கண்டுபிடிப்பு. அதற்குக் காப்புரிமை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், குழாய் நன்றாக வேலை செய்வது வேறு, அந்தக் குழாயை எங்கே வைப்பது என்பது வேறு. வீட்டு அறைக் காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஓசோன் கருவிகளைப் பற்றி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. மனிதருக்குப் பாதுகாப்பான அளவுக்குள் இருக்கும்போது ஓசோன் அறைக் காற்றின் மாசுகளை நீக்கப் பெரிதாக உதவாது. கிருமியைக் கொல்லும் அளவுக்கு ஏற்றினால் நுரையீரலையும் சேர்த்துத் தாக்கும். கலிபோர்னியா மாநிலம் வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான்கள் வெளிவிடும் ஓசோனுக்கு பத்து லட்சத்தில் 0.05 பங்கு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் சட்டத்தின் 3(பி) பிரிவு மனித உயிருக்கோ சுகாதாரத்துக்கோ கடும் கேடு விளைவிப்பவற்றுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. ஆனால் இதே குழாய் குடிநீர் ஆலையில் நல்லது, ஆஸ்துமாக்காரர் படுக்கும் அறையில் கெட்டது. விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் அதிகாரியின் முன்னால் இருப்பது குழாய் மட்டும்தான், அறை இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

தண்ணீரிலும் கவலை தீர்ந்துவிடவில்லை. ஓசோன் நல்ல கிருமிக்கொல்லி, சில மணி நேரத்துக்குள் சிதைந்து ஆக்சிஜன் ஆகிவிடும், வாடை மிஞ்சாது. குளோரினைவிட அதை விரும்புவதற்குக் காரணம் அது. ஆனால் நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட் ஆக்கும். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுகிற பொருள், உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரம்பு வைத்திருக்கிறது. 2004 மார்ச்சில் கோகோ-கோலா பிரிட்டனில் தன் டசானி நீரைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது இதனால்தான். நீரில் சேர்த்த கால்சியம் குளோரைடில் இருந்த புரோமைடு ஓசோன் பட்டு வரம்பைத் தாண்டிவிட்டது, கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பாட்டில்கள் போயின. கடலோர நகரத்தில், உப்பு ஏறிய நிலத்தடி நீரை எடுத்து அடைக்கிற இடத்தில் இது அந்நியக் கதை இல்லை. கருவியின் விவரக்குறிப்பில் மணிக்கு எத்தனை கிராம் ஓசோன் என்று இருக்கும். எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு போதும் என்பது இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை.

இனி மவுஸும் கீபோர்டும். கலிபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் மரக்கட்டையில் செய்த மவுஸுக்கு 1967இல் விண்ணப்பித்து 1970இல் காப்புரிமை பெற்றார். அது 1987இல் காலாவதியானது. உலகம் மவுஸை வாங்கத் தொடங்கியதே ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். ஆப்பிள் நிறுவனத்துக்கு எஸ்ஆர்ஐ சுமார் 40 ஆயிரம் டாலருக்கு உரிமம் கொடுத்ததாக எங்கல்பார்ட்டே பின்னாளில் சொன்னார். அவருக்கு ராயல்டி என்று ஒன்றும் வரவில்லை. காலத்துக்கு முந்திப் பிறந்த பொருளுக்குக் காப்புரிமைக் காலம் சந்தை உருவாகும் முன்பே தீர்ந்துபோகிறது. அதற்கும் முன்பு, 1936இல், ஆகஸ்ட் டிவோராக் தன் விசை அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். வழக்கமான அமைப்பைவிட விரல் அலைச்சல் குறைவு என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் எவ்வளவு உண்மை என்று பொருளியலாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். எப்படியானாலும் மக்கள் பழகிய விசையை விடவில்லை.

நம் பக்கத்து உதாரணம் இன்னும் சுவாரசியமானது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகை, உடம்பு நோகாமல் தட்டச்சு செய்வதற்கென்றே யோசித்து அமைத்த ஒன்று. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில், இரு கையும் மாறி மாறி உழைக்கும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். யாரும் இதைப் பூட்டி வைக்கவில்லை, எவரும் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். திறந்து விட்டதால் அது எல்லார் கணினியிலும் கைபேசியிலும் நுழைந்தது. அப்படியும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ அடித்துத் தமிழாக்கிக்கொள்கிறார்கள். ஆக காப்புரிமை இல்லாததால் ஒன்று பரவும் என்றும், இருப்பதால் முடங்கும் என்றும் சூத்திரம் சொல்ல முடியாது. உள்ளீட்டுக் கருவிகளில் எதிரி போட்டியாளர் இல்லை, விரலின் பழக்கம். பழக்கத்துக்கு எதிராகக் காப்புரிமையால் வழக்குப் போட முடியாது!

மணிக்கட்டைச் சாய்த்துப் பிடிக்கும் மவுஸுக்கு இன்னொரு சட்டச் சங்கடம். அதன் வடிவம்தான் அதன் வேலை. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைக் காக்கும், வேலை செய்யும் விதத்தைக் காக்காது. காப்புரிமைச் சட்டமோ, கைப்பிடியை இன்னும் பத்து டிகிரி சாய்த்தேன் என்றால், அது யாருக்கும் தோன்றியிருக்குமே என்கிறது. ஜெர்மனியில் 1891 முதல் இத்தகைய சிறு மேம்பாடுகளுக்கென்று குறுகிய காலப் ‘பயன்பாட்டு மாதிரி’ உரிமை உண்டு. சீனாவிலும் உண்டு. இந்தியாவில் 2011இல் ஓர் அரசு விவாதத் தாள் வந்தது, சட்டம் வரவில்லை. பட்டறைக்காரரின் புதுமை பெரும்பாலும் இந்த நடுவெளியில்தான் விழுகிறது. வேறு வழி இல்லாததால் அவர் முழுக் காப்புரிமை கேட்கிறார், உரிமைக்கோரலை ஊதிப் பெருக்குகிறார்.

ஊதிப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய வழக்கு இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் கார்டுகள் போடும் கைபேசிக்கு 2002இல் சென்னையில் விண்ணப்பித்தார். 2008இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டு சிம் கைபேசிகள் நாட்டில் வெள்ளமாக இறங்கிய நேரம் அது. அவர் சுங்கத் துறையில் பதிவு செய்து பெரிய நிறுவனங்களின் சரக்கைத் துறைமுகத்திலேயே தடுக்க வைத்தார். ஒரு தனி மனிதர் சாம்சங்கையே நின்று பேச வைத்தார் என்பதில் எனக்கும் ஒரு சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012இல் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. முன்பே தெரிந்தவற்றிலிருந்து எட்டக்கூடியதே, கண்டுபிடிப்புப் படி இல்லை என்பது முக்கியக் காரணம். பின்லாந்தின் பெனிஃபோன் நிறுவனம் இரட்டை சிம் கைபேசியை 2000இலேயே சந்தைக்குக் கொண்டுவந்திருந்ததை நினைத்தால் முடிவு வியப்பில்லை. 2018இல் மத்திய அரசு சுங்கத் தடுப்பு விதிகளிலிருந்து காப்புரிமையையே எடுத்துவிட்டது. ஒருவர் பலவீனமான உரிமையை வலுவாக வீசியதன் விலையை, நல்ல உரிமை வைத்திருக்கும் அடுத்தவரும் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும், தனியாட்கள் காப்புரிமை எடுப்பதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டணம் எட்டாத உயரத்தில் இல்லை. தனி நபர் இணையவழி விண்ணப்பிக்க 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000. இருபது ஆண்டும் உயிரோடு வைத்திருக்கப் புதுப்பிப்பு மொத்தம் 77 ஆயிரத்துக்குள் வரும், இருபது வருடத்துக்குப் பிரித்தால் பெரிய தொகை இல்லை. காப்புரிமை முகவரின் கூலிதான் உண்மையான செலவு. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைப் போட்டு வைத்தால் முழு விவரக்குறிப்புக்குப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் அவர்களுடையது, விலை அவர்கள் வைப்பது. தனக்கு ஒரு யோசனை தோன்றினால் அதை வாயைத் திறந்து காட்டிய நாளிலேயே புதுமை போய்விடும், காட்டாவிட்டால் விற்க முடியாது. தற்காலிக விவரக்குறிப்பின் தேதி முத்திரை இருந்தால் அவர் தைரியமாகப் பேசலாம். பேரத்தில் அந்த ஒரு காகிதத்தின் மதிப்பு, அதை வைத்து வழக்காடுவதன் மதிப்பைவிடப் பல மடங்கு.

கெடுதல் எங்கிருந்து வருகிறது என்றால், காகிதத்தை எண்ணத் தொடங்கும்போது. விண்ணப்பம் எதுவானாலும் 18 மாதத்தில் வெளியிடப்படும், தனிப் படிவம் கொடுத்தால் இன்னும் சீக்கிரம். வெளியிடப்படுவதற்கும் வழங்கப்படுவதற்கும் நடுவில் பரிசோதனை என்ற முழு மலை நிற்கிறது. தேசியக் கல்லூரித் தரவரிசை வெளியிடப்பட்டவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. விளைவை யாரும் ஊகிக்கலாம். மேற்குச் சென்னையின் பொறியியல் கல்லூரி வாசல்களில் ‘பேராசிரியருக்குக் காப்புரிமை’ என்று பேனர் தொங்குகிறது. அருகில் போய் எண்ணைக் குறித்துத் தேடினால் பல நேரம் அது வெளியிடப்பட்ட விண்ணப்பம் மட்டுமே. யாரும் பொய் சொல்லவில்லை, சொல்லை மட்டும் கொஞ்சம் விழுங்கிவிட்டார்கள். வழங்கப்பட்ட காப்புரிமை இந்தியாவில் நடைமுறையில் பயன்படுத்தப்படுகிறதா என்று படிவம் 27இல் சொல்ல வேண்டும், 2024 விதித் திருத்தத்துக்குப் பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. ஓசோன் கருவியோ மவுஸோ, அந்தப் படிவத்தில் ‘பயன்படுத்தப்படவில்லை’ என்று இருந்தால், சுவரில் மாட்டிய சான்றிதழுக்குப் பக்கத்தில் அதையும் மாட்டச் சொல்வேன்.

காப்புரிமை என்பது ஒரு பேரம். ஊருக்கு ரகசியத்தைச் சொல், இருபது வருடம் தனியுரிமை எடுத்துக்கொள் என்பது அதன் சாரம். தனியுரிமையை வாங்குகிறவர் வாங்கிக்கொள்கிறார். ரகசியம் ஊருக்குப் போய்ச் சேருகிறதா? விதிப்படி விண்ணப்பம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும். கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம் தென் மாநிலங்கள் அனைத்துக்கும் பொது, அங்கேயும் விதி அதுதான். லேத் முன்னால் நிற்பவர் தமிழில் யோசித்ததை முகவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். தான் கண்டுபிடித்ததைவிட அகலமாக எழுதப்பட்டிருக்கிறதா குறுகலாகவா என்று பார்க்கவே முடியாமல் அவர் கையெழுத்துப் போடுகிறார். பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் அதே குழாயில் அதே அமில அரிப்போடு போராடிக்கொண்டிருப்பார், விடை கிண்டியில் இலவசமாகக் கிடப்பது தெரியாமல். ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரு சுருக்கம் வைக்க வேண்டும், அது 150 சொல்லைத் தாண்டக் கூடாது என்பது இப்போதே இருக்கும் விதி. தமிழ்நாட்டு முகவரி கொண்ட விண்ணப்பங்களுக்கு அந்த 150 சொல்லைத் தமிழிலும் வாங்கி வெளியிடுவதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.