சிறப்பிதழில் ஓவியருக்கு எந்தப் பக்கம்?

சிறப்பிதழ் அறிவிப்பு வந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். மழை என்றோ நகரம் என்றோ ஆசிரியர் ஒரு பொருளைச் சொல்வார். கவிஞர்கள் எழுதி அனுப்புவார்கள். பக்கம் கட்டுகிற நாளில் இடம் மிஞ்சினால்தான் ஓவியர் நினைவுக்கு வருவார். மழைக் கவிதைக்குப் பக்கத்தில் ஒரு குடை முளைக்கும். கவிதை சொன்னதையே கோடும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். பெரும்பாலும் வீணாவது ஓவியம்தான்.

1970இல் சென்னையில் தொடங்கிய சிறுபத்திரிகையான கசடதபறவின் வழி வேறு. ஞானக்கூத்தனின் கவிதை அதன் பக்கங்களில் வந்தது, ஓவியர் ஆதிமூலத்தின் கோடும் வந்தது. ஒன்றுக்கு மற்றொன்று பொழிப்புரை எழுதவில்லை. காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியை நூறு கோட்டோவியங்களில் வரைந்து பார்த்தவர் ஆதிமூலம். அந்தக் கைக்குக் கவிதையின் துணை தேவைப்படவில்லை.

கோட்டோவியம் சிறுபத்திரிகையில் இடம்பிடித்ததில் அச்சகத்துக்கும் பங்கு உண்டு. அன்று படம் போட ப்ளாக் என்ற அச்சுக்கட்டை செய்தாக வேண்டும். சாயல்களைக் காட்டும் ஹாஃப்டோன் ப்ளாக் என்றால் செலவு கூடும், வழவழப்பான தாளும் வேண்டும். கோட்டோவியத்துக்கு லைன் ப்ளாக் போதும். மட்டமான தாளிலும் தெளிவாக விழும். நவீன ஓவியத்தின் கறுப்புக் கோட்டைத் தமிழ் வாசகனிடம் கொண்டு சேர்த்ததில் சிறுபத்திரிகையின் வறுமைக்கும் இடமுண்டு. இன்று எந்த வண்ணமும் அச்சேறும். படமோ தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

பொருள் குறித்துச் சிறப்பிதழ் போடுவதே தவறு என்று சொல்ல மாட்டேன். கோணங்கியின் கல்குதிரை இதழ் தஸ்தயேவ்ஸ்கிக்கும் மார்க்வெஸுக்கும் சிறப்பிதழ் கொண்டுவந்தது. சிதறிக் கிடக்கும் மொழிபெயர்ப்பாளர்களையும் கட்டுரையாளர்களையும் ஓரிடத்தில் கூட்ட அப்படி ஓர் இழுப்பு வேண்டும். கவிதைக்கு அந்த இழுப்பு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. பழைய கவிதையில் ‘மழை’யைச் செருகி அனுப்பும் கெட்டிக்காரர்கள் நம்மிடையே குறைவில்லை. ஓவியர்களையும் சும்மா விடுவதற்கில்லை. எந்தப் பொருளுக்கும் பொருந்துவதாகச் சொல்லி, கண்காட்சியில் விற்காத அரூப ஓவியத்தின் புகைப்படத்தை அனுப்புபவர்கள் உண்டு. சுதந்திரம் என்ற பெயரில் இதை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர், குடை வரையச் சொல்பவரைவிட மேலானவர் அல்ல.

வணிகப் பத்திரிகையைச் சிறுபத்திரிகைக்காரர்கள் ஏளனம் செய்வது வழக்கம். ஆனால் ஆனந்த விகடனில் வந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடரைப் பாருங்கள். ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களை வரைந்தார், எழுத்தாளர் தேவன் அவற்றுக்கு விளக்கம் எழுதினார். அங்கே சித்திரம் முன்னே நடந்தது, எழுத்து பின்னே வந்தது. நம் இலக்கியச் சிறப்பிதழ்களில் இந்த வரிசைக்கு இடமே கிடைப்பதில்லை. கவிஞரிடம் ஓர் ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னால் கௌரவக் குறைவாக நினைக்கிறார். ஓவியரிடம் கவிதையைக் கொடுத்து வரையச் சொல்வதில் மட்டும் யாருக்கும் கூச்சமில்லை.

அடுத்த சிறப்பிதழுக்குத் திட்டமிடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொருளைக் கவிஞருக்குச் சொல்லும் அன்றே ஓவியருக்கும் சொல்லுங்கள், கவிதையைக் காட்டாதீர்கள். முழுப் பக்கம் கொடுங்கள். பொருளடக்கத்தில் கவிஞர் பெயர் இருக்கும் அதே எழுத்தளவில் ஓவியர் பெயரையும் போடுங்கள். கவிஞருக்குச் சன்மானம் இல்லையென்றால் ஓவியருக்கும் வேண்டாம். இருந்தால் இருவருக்கும் ஒரே தொகை கொடுங்கள்.