பெட்டி டெலிவரி ஆனது, வாடகை பூஜ்யம் ஆனது

சென்னைத் துறைமுகத்திலோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலோ இறங்கும் கண்டெய்னர், திருவொற்றியூர், மணலி பக்கத்து சி.எஃப்.எஸ். (கண்டெய்னர் ஃப்ரைட் ஸ்டேஷன்) யார்டுக்குப் போனதும், ராயபுரம் கிளியரிங் ஆபீஸில் எக்செல்லில் ஒரு வரியாகிவிடும். முதலில் 'நிலுவை' ஷீட். டெலிவரி ஆனதும் 'முடிந்தவை' ஷீட். இந்த வரியை இடம் மாற்றுவதில் எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் மூன்றும் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஒரு மாதிரி ரிஜிஸ்டரை வைத்துப் பார்த்தேன்.

எக்செல்லில் காப்பி வேறு, கட் வேறு. இதைத் தெரியாமல்தான் பாதி ஆபீஸ்களில் கணக்கு கெடுகிறது. நாள் வாடகை நிலுவை ஷீட்டின் கே1 கட்டத்தில் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வரியும் வாடகை இல்லாத ஃப்ரீ டேஸ் போக மிச்ச நாளை அந்தக் கே1-ஆல் பெருக்குகிறது. டாலர் குறியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறது. வரியைக் காப்பி செய்து முடிந்தவை ஷீட்டில் ஒட்டினால், ஃபார்முலா அந்த ஷீட்டின் கே1-ஐத் தேடும். அங்கே ஒன்றும் இல்லை. பிழைச் செய்தி வராது, சிவப்பு வராது. வாடகை பூஜ்யம் என்று அமைதியாக நிற்கும். பில்லும் அப்படியே போகும். அதே வரியைக் கட் செய்து ஒட்டினால், எக்செல் தானாகவே 'நிலுவை' ஷீட்டின் பெயரை கே1-க்கு முன்னால் சேர்த்துவிடுகிறது. சுருக்கத் தாளில் அந்த வரியின் கட்டத்தைக் காட்டும் ஃபார்முலாவும் புது இடத்துக்குக் கூடவே வருகிறது. எக்செல்லுக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இதற்குத்தான். கே1-க்கு 'நாள்வாடகை' என்று பெயர் வைத்துவிட்டால் காப்பி செய்தாலும் கவலையில்லை.

கட்டுக்கும் குறை உண்டு. இங்கும் அங்குமாக நாலு வரியைக் கண்ட்ரோல் அழுத்தித் தேர்ந்தெடுத்துக் கட் செய்யச் சொன்னால் எக்செல் மறுத்துவிடும். டெலிவரி தேதிப்படி வரிசைப்படுத்தி ஒன்றாகச் சேர்த்த பிறகுதான் முடியும். பேஸ்ட் ஸ்பெஷல் கிடையாது. பார்டர், நிறம் எல்லாம் வரியோடு கிளம்பிவிடும், பழைய இடம் மொட்டையாகக் கிடக்கும். நெடுவரிசையின் அகலம் மட்டும் வராது. ஏற்கெனவே வேறு ஃபார்முலா நம்பியிருக்கும் கட்டத்தின் மேல் கட் செய்ததை ஒட்டினால் ரெஃப் பிழைதான். ஃப்ரீ டேஸ் தாண்டியதைச் சிவப்பாக்கும் கண்டிஷனல் ஃபார்மட்டிங் விதிகளைக் காப்பி-பேஸ்ட் துண்டு துண்டாக்கிப் பெருக்கிவிடுவதால், பழைய ஃபைல்கள் திறக்கவே திணறும்.

கால்க் இலவசம், தமிழ் மெனுவும் உண்டு. ஆனால் ஷீட் பெயருக்கு முன்னாலும் டாலர் குறி போட வேண்டும் என்பது எக்செல்லில் பழகியவர்களுக்குத் தெரியாது. அது இல்லாமல் டைப் செய்த ஃபார்முலாவை அடுத்த ஷீட்டுக்குக் காப்பி செய்தால், அது காட்டும் ஷீட்டும் ஒன்று தள்ளிப்போய்விடும்.

மாதக் கடைசியில் முழு ஷீட்டையே புது ஃபைலுக்கு மாற்றுவது இன்னொரு கதை. கண்டெய்னர் எண் சரியா என்று பார்க்க, ஐ.எஸ்.ஓ. 6346 கணக்கை ரிஜிஸ்டரில் சேர்த்திருந்தேன்: 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். சி.எஸ்.க்யூ.யூ. 305438 என்றால் கடைசி இலக்கம் 3 வர வேண்டும். எழுத்துகளின் மதிப்புப் பட்டியல் தனி ஷீட்டில். முடிந்தவையை மட்டும் தூக்கிப் புது ஃபைலில் வைத்தால், எக்செல் பழைய ஃபைலையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். திறக்கும்போதெல்லாம் லிங்க்கை அப்டேட் செய்யட்டுமா என்று கேட்கும். கண்ட்ரோல் அழுத்தி பட்டியலின் டேபையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மாற்றினால் பட்டியலுக்காக அந்தத் தொல்லை இல்லை. கூகுள் ஷீட்ஸில் அதே டேபை வேறு ஃபைலுக்கு அனுப்பினால், அந்தப் பட்டியல் அங்கே இல்லாததால் நெடுவரிசை முழுக்க ரெஃப் பிழை. பார்க்க அசிங்கம்தான், ஆனால் பில் போவதற்கு முன்னால் யாராவது கவனிப்பார்கள். யார்டிலிருந்து போனில் பார்க்க, இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிரப்ப கூகுள் வசதி. வாடகைக் கணக்கை நான் எக்செல்லில்தான் வைப்பேன்.