கணினி விளையாட்டுகளில் வழக்கிறந்தவையும் வழங்குபவையும்

ஒரு சொல் தொன்மையானது என்பதனாலேயே அது வழக்கிறந்தது ஆகிவிடாது. ‘நீர்’, ‘மரம்’, ‘வா’ என்பன நம் மொழியின் மிகப் பழைய சொற்கள்; அவற்றைப் பழமைப்பட்டன என்பார் ஒருவரும் இலர். நேற்றுப் புகுந்து இன்று மறைந்த சொற்களோ பல. இவ்வெளிய உண்மை, கணினி விளையாட்டுகளைப் பற்றி வழக்காடுவோரிடையே போதிய அளவு உணரப்படவில்லை. வீடியோ கேம் என மக்கள் வழங்கும் அவ்விளையாட்டுகளுள் எவ்வகை காலங்கடந்தது, எவ்வகை இன்றும் இன்பம் பயப்பது என்ற சொற்போர் ஓயாது நிகழ்கின்றது. அதில் இரு சாராரும் ஆண்டையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஒரு சாரார் பழையது ஆதலின் கழிக என்பர். மறு சாரார் பழையது ஆதலின் போற்றுக என்பர். இவ்விரண்டும் பொருந்தா என்பதே என் கருத்து.

முதற்கண் ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுத்தார். விளையாட்டுக்கும் அவ்வாறே உறுப்புகள் உண்டு. ஆடுவோர் எத்தனை முறை தோற்கலாம், ஆட்டநிலையை எவ்விடத்தில் பதிந்து வைக்கலாம், பகைவர் எவ்வாறு எதிர்ப்படுவர், காட்சி எக்கோணத்திலிருந்து தோன்றும் என்றாற்போன்ற விதிகளை ‘ஆட்ட உறுப்பு’ என ஈண்டு வழங்குவோம். இவ்வுறுப்புகளுள் பல, கலைஞன் உள்ளத்தில் தோன்றியவை அல்ல. பொறியின் எளிமையாலோ வணிகத்தின் தேவையாலோ பிறந்தவை. எனினும் பிறப்பைக் கொண்டு உறுப்பின் தகுதியை அளத்தல் முறையன்று.

1978-ஆம் ஆண்டு ஜப்பானில் டைட்டோ நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இதற்கு நல்ல சான்று. வரிசைக்கு 11 பேராக 5 வரிசைகளில் 55 பகைவர் திரையின் மேற்புறத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழிறங்குவர். அதனை ஆக்கிய டொமொஹிரோ நிஷிகாடோ கையாண்ட பொறி, அத்தனை உருவங்களையும் ஒருங்கே விரைந்து நகர்த்தும் ஆற்றல் உடையது அன்று. ஆதலின் பகைவர் பலராய் இருக்கையில் படை மெல்ல ஊர்ந்தது. சுடச்சுட எண்ணிக்கை குறைந்து, பொறியின் சுமையும் குறைந்து, எஞ்சியோர் விரைவு மிகுந்தது. இறுதியில் நிற்கும் ஒருவன் பாய்ந்தோடுவான். இது பொறியின் குறை. ஆனால், ஆக்கியோர் அதனைத் திருத்தாது விட்டார். வெற்றி நெருங்க நெருங்க இடர் பெருகும் என்னும் சுவை அதனால் ஆட்டத்திற்கு வாய்த்தது. இன்றைய பொறிகள் பல்லாயிரம் உருவங்களை இமைப்பொழுதில் வரைய வல்லன. எனினும் அவ்விரைவை நீக்கினால் அவ்விளையாட்டு அவ்விளையாட்டாக நில்லாது. புறத்தே தோன்றிய காரணம் மறைந்தது. அகத்தே ஒரு காரணம் வேரூன்றிவிட்டது.

இதற்கு மாறான நிலையையும் காண்போம். காசு இட்டு ஆடும் பொறிகளில் ஆடுவோர்க்கு மூன்று ‘உயிர்கள்’ அளிக்கப்பட்டன. 1980-இல் வந்த ‘பேக்-மேன்’ அவ்வாறு அமைந்தது. மூன்றும் தீர்ந்தால் மறுபடியும் காசு இடல் வேண்டும். கடைக்காரர்க்கு அவ்வுறுப்பு இன்றியமையாதது. 1985-இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடுவதற்கென வந்தபோது காசுக்கு வேலை இல்லை. ஆயினும் உயிர்கள் உடன் வந்தன. மாரியோ வரிசை அவற்றை நெடுங்காலம் சுமந்து திரிந்தது. 2017-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ ஒடிசி’யில்தான் உயிர்க்கணக்கு நீக்கப்பட்டு, விழுந்தால் பத்து நாணயம் இழப்பு என்னும் விதி வந்தது. நீக்கியதனால் ஆட்டத்தின் சுவை குன்றியதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டு ஆட்டத்தில் அவ்வுறுப்பு தனக்கென ஒரு பொருளை ஈட்டிக்கொள்ளாமையே காரணம்.

நம் இலக்கியத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. அந்தாதித் தொடை, ஏடின்றி ஓதுவார்க்கு மனப்பாடத் துணையாக நின்றது. அச்சு நூல் பெருகிய பின் அத்தேவை சுருங்கிற்று. ஆயினும் அந்தாதி மறையவில்லை. முடிவே தொடக்கமாகும் அமைப்பில் புலவர்கள் வேறோர் அழகைக் கண்டுவிட்டனர்.

இவ்வளவுகோலை இனி வழக்கு மிகுந்த ஒரு நூலில் வைத்துப் பார்ப்போம். (விளையாட்டை நூல் என்பது சிலர்க்கு நகைப்பைத் தரலாம், ஆக்கியோன், பதிப்பு, மறுபதிப்பு, உரை, மறுப்பு அனைத்தும் உள்ள ஒன்றை வேறு எப்பெயரால் அழைப்பது?) கேப்காம் நிறுவனத்திற்காக ஷின்ஜி மிக்காமி இயக்கிய ‘ரெசிடென்ட் ஈவில்’ 1996-இல் வெளிவந்தது. அதன் மாளிகை அறைகள் முன்னரே வரைந்து வைத்த நிலைப்படங்கள். ஆகவே காட்சிக் கோணம் ஒவ்வோர் இடத்திலும் நிலையாக நிற்கும். ஆடுவோர் அதனைத் திருப்ப இயலாது. கோணம் திடீரென மாறுவதனால், திரையின் மேல் கீழ் என்னும் திசைகளைக் கொண்டு மாந்தரை நடத்துதல் குழப்பம் தரும். எனவே மேல்விசையை அழுத்தினால் மாந்தர் தாம் நோக்கும் திசையில் முன்னே நடப்பர். இட, வல விசைகள் அவர்களை நின்ற இடத்திலேயே திருப்பும். பீரங்கி வண்டியை ஓட்டுவதற்கு ஒப்பாக இதனைக் கூறி எள்ளி நகையாடுவர். ஆட்டநிலையைப் பதிதற்குத் தட்டச்சுப் பொறி இருக்கும் அறையை அடைதல் வேண்டும். ஒவ்வொரு முறை பதிவதற்கும் ஒரு மைநாடா செலவாகும். மைநாடாக்களோ சில.

காலங்கடந்த உறுப்புகளுக்கு எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் இம்மூன்றையும் ஒருசேர எடுத்துக்காட்டுவர். எனக்கோ இம்மூன்றும் ஒரு நிலையின அல்ல. நிலைக்கோணம், பொறியின் வரம்பால் வந்ததாயினும், அச்சத்தின் கருவியாக மாறிவிட்டது. மூலைக்கு அப்பால் இருப்பது ஆடுவோர்க்குத் தெரியாது. காலடி ஓசை மட்டும் கேட்கும். அங்கே காட்சியை மறைப்பது கதை சொல்லும் முறையே ஆகும். மைநாடாவும் அத்தகையதே. பதிதல் என்னும் புறச்செயலை ஆட்டத்தினுள் ஒரு பொருளாக்கி, அதற்கு விலையும் வைத்தமையால், ‘இப்பொழுதே பதிவதா, இன்னும் ஓர் அறை துணிந்து செல்வதா’ என்னும் தடுமாற்றம் பிறக்கின்றது. பணி முடித்து வந்து அரைமணி நேரமே ஆடக்கூடியவர்க்கு இவ்விதி துன்பம் தரும் என்பர். உண்மையே. ஆயினும் அது ஆடுவோரின் ஓய்வைப் பற்றிய குறை. நூலின் அமைப்பைப் பற்றிய குறை அன்று. எஞ்சியது நடை. நிலைக்கோணத்தோடு கூடியவரை அதற்கு ஒரு நியாயம் உண்டு. கோணம் நீங்கினால் அந்நியாயமும் உடன் நீங்கும். தனித்து நின்று சுவை தரும் வலிமை அதற்கு இல்லை என்றே கருதுகின்றேன். விரைந்து திரும்ப இயலாமையும் அச்சத்தை மிகுவிக்கின்றது என வாதிடுவோர் உளர். விரல்கள் அதற்குப் பழகும்வரையே அவ்வச்சம் நிற்கும். பழகியவர்க்கு வேண்டுமாயின் அது வெறும் வழக்கம்.

பதிதல் என்னும் அதே உறுப்பை ஃபுமிட்டோ உவேடாவின் ‘ஈக்கோ’ (2001) கையாண்ட திறம் வேறு. அதில் சிறுவன், யோர்டா என்னும் பெண்ணைக் கைப்பற்றிக் கோட்டையினின்றும் அழைத்துச் செல்வான். ஆட்டநிலையைப் பதிய வேண்டுமாயின் இருவரும் ஒரு கல்லிருக்கையில் சேர்ந்து அமர்தல் வேண்டும். அவளை எங்கோ விட்டுவிட்டுத் தான் மட்டும் இளைப்பாற அவனால் இயலாது. தற்காக்கும் திறனற்ற ஒருவரை உடனழைத்துச் செல்லும் பணி, ஆடுவோர் பலரும் வெறுக்கும் உறுப்பு. அவ்வுறுப்பையே உயிராகக் கொண்டு இந்நூல் எழுந்துள்ளது என்பது நினைக்கத்தக்கது. ஓர் உறுப்பு ஒரு நூலில் இறந்தும் மற்றொரு நூலில் வாழ்ந்தும் இருத்தல் கூடும்.

இறந்தவையும் உண்டு, அவற்றைப் பழமைப்பற்றால் போற்றுதல் தகாது. சியரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் க்வெஸ்ட்’ ஐந்தாம் பகுதியில் (1990), பூனை துரத்தும் எலியைப் பழைய காலணியை எறிந்து காத்தல் வேண்டும். தவறினால், பின்னர் விடுதியின் நிலவறையில் கட்டுண்டு கிடக்கையில் விடுவிப்பார் இன்றி ஆட்டம் அழியும். பசிக்கு உணவாகத் தோன்றும் ஒரு பண்டத்தை உண்டுவிட்டால், மலையில் எதிர்ப்படும் பனி அரக்கன் மீது எறிய ஒன்றும் இராது. பிழை நேர்ந்ததை நூல் ஆடுவோர்க்கு உணர்த்துவதே இல்லை. காரணம் அறியாத தண்டனையில் கல்வியும் இல்லை, சுவையும் இல்லை. ரான் கில்பர்ட் இத்தகைய குறைகளை 1989-இலேயே ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டி, மறு ஆண்டில் வெளியிட்ட ‘மங்கி ஐலண்ட்’ நூலில் அவற்றைப் பெரிதும் விலக்கினார். ஆகவே இக்குறை அக்காலத்திலேயே குறை. காலம் செய்த பழுது அன்று.

இதனோடு ‘ரோக்’ (1980) என்னும் ஆட்டத்தின் கொடுமையை ஒப்பிட வேண்டும். அதில் இறந்தால் அனைத்தும் முடிந்தது. பதிந்த நிலையையும் மீளத் திறந்தவுடன் பொறி அழித்துவிடும். ஆனால், ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக அமையும். ஆடுவோர் இழப்பது மாந்தரையே, கற்ற கல்வியை அன்று. 40 ஆண்டுகள் கழித்து, 2020-இல் நிறைவுற்று வெளிவந்த ‘ஹேட்ஸ்’ அதே விதியை எடுத்து, ஒவ்வொரு சாவும் தலைவனைத் தந்தையின் அரண்மனைக்கு மீட்டுவர, அங்கே கதை வளருமாறு அமைத்தது. மிகப் பழைய விதி. மிகப் புதிய பொருள்.

வகைகளைப் பற்றிய வழக்கும் இவ்வாறே தெளியும். முறைவைத்துப் பொருதல், அதாவது ஒருவர் செயல் முடிந்த பின் மற்றவர் செய்தல், பொறிகள் வலிமையற்றிருந்த காலத்தின் எச்சம் என்று பலர் எழுதுகின்றனர். வரலாறு இதற்கு இடம் தரவில்லை. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் பகைவர் நமக்காகக் காத்திருப்பதில்லை, அது 1978. முறைவைத்தல் பொறியினின்றும் வந்ததன்று. மேசை விளையாட்டுகளினின்றும் வந்தது. அதன் சுவை எண்ணித் துணிதல். 2023 ஜூனில் ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையின் பதினாறாம் நூல் அம்முறையைக் கைவிட்டு, உடனுக்குடன் பொருதலை மேற்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் லாரியன் நிறுவனத்தாரின் ‘பால்டர்ஸ் கேட்’ மூன்றாம் நூல் முறைவைத்தலையே தூணாகக் கொண்டு வந்து, அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு என்னும் பரிசையும் பெற்றது. பரிசு சுவைக்குச் சான்றாகாது. ஆனால் அவ்வகை இறந்துவிட்டது என்னும் கூற்றுக்கு மறுப்பாகும்.

இளமையிலேயே நரைத்த உறுப்பும் உண்டு. உயரமான கோபுரம் ஏறினால் சுற்றுப்புறம் வரைபடத்தில் தெளிவாகும் என்னும் விதி, 2007-இல் ‘அசாசின்ஸ் க்ரீட்’ வந்தபோது புதுமை. சில ஆண்டுகளில் அது பல நூல்களில் பரவி, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைத் திறக்கும் சாவியாகத் தேய்ந்தது. 2017-இன் ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ கோபுரத்தை வைத்துக்கொண்டு பட்டியலை நீக்கிற்று. மேலே நின்று கண்ணால் கண்டு, செல்ல விரும்பும் இடத்தை ஆடுவோரே குறித்துக்கொள்ள வேண்டும்.

இச்சொற்போரை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிட இயலாமைக்கு ஒரு காரணம் உண்டு. ‘காலங்கடந்தது’ என்னும் தீர்ப்பு விளையாட்டுலகில் உடனே செயலாகிவிடுகின்றது. நூல் மறுஆக்கம் பெறும். தீர்ப்புக்கு ஆளான உறுப்பு நீக்கப்படும். மூலமோ கடைகளில் கிடையாது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. ஏடுகள் செல்லரித்த வரலாற்றை அறிந்த நமக்கு இவ்வெண் விளங்காததன்று. மூலம் மறைந்த பின், நீக்கியது சரியா தவறா என்று வழக்காட எவர்க்கும் சான்று இராது.

நல்ல பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, விலக்கிய பாடத்தை அடிக்குறிப்பில் தருவார். இந்நெறியை மேற்கொண்ட மறுபதிப்புகள் சில உள. ரெசிடென்ட் ஈவிலின் 2002-ஆம் ஆண்டு மறுஆக்கம் 2015-இல் மீண்டும் வந்தபோது, பழைய நடையையும் புதிய நடையையும் ஆடுவோர் விருப்பிற்கு விட்டது, நிலைக்கோணத்தை மாற்றவில்லை. இரண்டாம் நூலின் 2019 மறுஆக்கமோ, கோணத்தைத் தோளின் பின்புறம் கொண்டுவந்து, மைநாடாவைக் கடினமான நிலைக்கு மட்டும் ஒதுக்கிற்று. அது சிறந்த நூலே. ஆயினும் 1998-இன் நூலுக்குப் பதிலாக நிற்கத்தக்கது அன்று, அதன் உடனிருக்கத்தக்கது.

ஃபைனல் ஃபேன்டசியின் முதல் நூல் (1987) இதனினும் நுட்பமான வழக்கு. அதில் நடக்கும்போது பகைவர் கண்ணுக்குத் தோன்றாமல் திடீரென எதிர்ப்படுவர். சலிப்பூட்டும் உறுப்பு என இதனைப் பழிப்பவரே மிகுதி. ஆனால் அந்நூலின் சதுப்புக் குகையினுள் ஆட்டநிலையைப் பதிய இயலாது. கையிருப்பு மருந்தைக்கொண்டே உள்ளே செல்லவும் மீளவும் வேண்டும். ஒவ்வொரு போரும் அவ்விருப்பைச் சிறிது குறைக்கும். குகையின் தொலைவை அளப்பது அடிகள் அல்ல, அப்போர்களே. 2023-இல் கன்சோல்களுக்கு வந்த பிக்சல் ரீமாஸ்டர் பதிப்பில் அப்போர்களை ஒரு பொத்தானால் நிறுத்திவிடலாம். நிறுத்தியபின் குகை ஒரு நடைவழி. பெட்டிகளைத் திறந்துகொண்டு நடக்கலாம். இரண்டாம் முறை செல்வோர்க்கு அது நன்மையே. முதன்முறை செல்லும் மாணவரை மட்டும் அப்பொத்தானைத் தொட வேண்டா என்பேன்.